துரு வாரண்டி தகராறு: செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களின் கேள்விகள்

என்னிடம் இருப்பது ஒன்பது வயதான மஸ்தா எம்எக்ஸ்-5. நான் மூன்றாவது உரிமையாளர். பின் சக்கர வளைவுக்குச் சற்று முன்னால் பெயின்ட் கொப்புளம் போல எழும்பியிருக்கிறது. "ஓட்டை விழுந்தால்தான் வாரண்டி, இது வெறும் மேல்துரு" என்று சர்வீஸ் கவுன்டரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஓட்டை விழும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். முதலில் உங்கள் வாரண்டி கையேட்டை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் இரண்டு தனித்தனி உத்தரவாதங்கள் இருக்கும். பெயின்ட்டுக்கும் மேல்துருவுக்குமான உத்தரவாதம் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். தகட்டைத் துளைக்கும் துருவுக்கானது பல நிறுவனங்களில் 10 அல்லது 12 ஆண்டு ஓடும். இந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்காது, கார் முதன்முதலில் விற்பனையான அல்லது பதிவான நாளிலிருந்து தொடங்கும். கார் கைமாறினாலும் உத்தரவாதம் காரோடு போகும் என்பதுதான் வழக்கம். இருந்தாலும் உங்கள் கையேட்டில் அப்படித்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

துளைக்கும் துரு என்றால் தகட்டின் உட்பக்கத்தில் தொடங்கி வெளியே வருவது. நீங்கள் சொல்லும் இடம் இந்தக் காரில் பேர்போன இடம். துணிக்கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் இறங்கும் குழாய்கள் வழியாகப் பின் சக்கரத்துக்கு முன்னால் வெளியேற வேண்டும். அந்தக் குழாயில் இலைச்சருகும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியில், அதாவது சில்லில், தேங்கும். சக்கரம் வாரியடிக்கும் சேறும் அதே மூலையில்தான் ஒட்டிக்கொள்ளும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு ஏற்கெனவே மெலிந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆகவே ஆதாரம் உள்ளேதான் இருக்கிறது. சில்லின் அடியில் இருக்கும் வடிகால் துளை வழியாகச் செல்போனில் மாட்டும் குழாய் கேமராவை நுழைத்துப் படம் எடுக்கலாம். உட்பக்கம் செதில் செதிலாகப் பழுப்பு அடுக்கு எழும்பி நிற்பது தெரிந்தால் உங்கள் வாதத்துக்கு அதைவிட வலுவானது எதுவும் இல்லை. ஒரு விஷயம் முக்கியம்: கொப்புளத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்காதீர்கள். ஓட்டை விழுந்துவிட்டால் அது நீங்கள் போட்ட ஓட்டை என்பார்கள். யாராவது பழுது பார்ப்பவர் "கொஞ்சம் தட்டிப் பார்க்கலாமே" என்றாலும் விடாதீர்கள்.

அப்புறம், கவுன்டரில் வாய்மொழியாகச் சொன்னதை முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. படங்களோடு எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். மறுப்பதாக இருந்தால் எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆய்வாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். வாரண்டியில் முடிவெடுப்பது நிறுவனம்தான்.

"எங்கள் கார்களின் பாடி முழுக்கத் துத்தநாகம் பூசியது, உள்ளேயிருந்து துருப்பிடிக்கவே வாய்ப்பில்லை, கல் பட்டுத்தான் வந்திருக்கும்" என்று நிறுவனத்தில் மறுத்துவிட்டார்கள். துரு இருப்பது கதவின் கீழ் விளிம்பில்.

இந்தப் பதிலை நான் ஏற்கவே மாட்டேன். துத்தநாகம் பூசிய தகடு உண்மையிலேயே நல்ல பாதுகாப்புதான். போர்ஷே 911-க்கு 1970-களின் நடுவிலேயே அது வந்துவிட்டது, அதை நம்பித்தான் அந்த நிறுவனம் நீண்ட உத்தரவாதமும் கொடுத்தது. ஆனால் துத்தநாகம் எஃகைக் காப்பதே தன்னைக் கரைத்துக்கொண்டுதான். ஈரம் நிற்கும் இடத்தில் பூச்சு வருடக்கணக்கில் தேய்ந்து தீர்ந்துவிடும்.

கதவின் கீழ் விளிம்பு அப்படிப்பட்ட இடம். அங்கே வெளித்தகட்டை உள்தகட்டின் மேல் மடித்து அழுத்தியிருப்பார்கள். நடுவில் போட்ட சீலர் எங்காவது விட்டுப்போனால் மடிப்புக்குள் ஈரம் ஏறும். கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கும் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும். கல் பட்ட துருவை அடையாளம் காண்பது எளிது: நடுவில் பெயின்ட் பெயர்ந்த ஒரு புள்ளி இருக்கும், அதைச் சுற்றித் துரு பரவியிருக்கும். மடிப்பிலிருந்து வரும் துரு விளிம்போடு கோடாக ஓடும், மேலே பெயின்ட் உடையாமலே உப்பியிருக்கும். கதவைத் திறந்து, கீழ் விளிம்பை உட்பக்கமிருந்து கிட்டத்தில் படம் எடுங்கள். இரண்டு கதவிலும் ஒரே இடத்தில் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கல் வந்து அடித்தது என்று யாராலும் வாதாட முடியாது.

எனக்கு முந்தைய உரிமையாளர் இரண்டு ஆண்டு சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கவில்லை. அதைக் காட்டி முழு வாரண்டியும் போய்விட்டது என்கிறார்கள்.

இங்கே நீங்கள் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் சில கையேடுகளில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆயில் மாற்றும் சர்வீஸும் பாடி பரிசோதனையும் வேறு வேறு. துரு உத்தரவாதத்துக்குப் பல நிறுவனங்கள் பாடி பரிசோதனையைத்தான் நிபந்தனையாக வைத்திருக்கின்றன, அதற்குப் புத்தகத்தில் தனிப் பக்கமே இருக்கும். புத்தகத்தில் முத்திரை இல்லை என்பதால் பரிசோதனையே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, கார் முன்பு போய்வந்த டீலர்களின் கணினிப் பதிவைக் கேளுங்கள். முந்தைய உரிமையாளரிடம் பழைய பில் கிடக்கலாம்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால் விதியின் வாசகத்தைப் பாருங்கள். பரிசோதனை தவறினால் உத்தரவாதமே ரத்து என்று இருக்கிறதா, அல்லது அந்தப் பரிசோதனையில் பிடித்திருக்கக்கூடிய சேதத்துக்கு மட்டும் பொறுப்பில்லை என்று இருக்கிறதா? இரண்டாவது வகை என்றால், மூடிய பெட்டிப் பகுதிக்குள் இருந்த துரு வெளியே நின்று பார்க்கும் பரிசோதனையில் தெரிந்திருக்காது என்று வாதிடலாம். முதல் வகை என்றால் உரிமையாகக் கேட்பதைவிட நல்லெண்ண உதவியாகக் கேட்பதே பலன் தரும். செலவில் ஒரு பங்கை நிறுவனம் ஏற்பது உண்டு.

கார் முன்பு மோதி ரிப்பேர் ஆனது என்று சொல்லி மறுக்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் தெரியாது.

பெயின்ட் தடிமன் மீட்டரின் அளவுகளைக் கேளுங்கள். கம்பெனி பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். 200-ஐத் தாண்டினால் மறுபடி பெயின்ட் அடித்திருக்கலாம், பல நூறு காட்டினால் கீழே பட்டி போட்டிருக்கிறார்கள். துருப்பிடித்த பாகத்தை மட்டும் அளந்தால் போதாது. காரின் எல்லாப் பாகங்களையும் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். வலது முன் ஃபெண்டர் ரிப்பேர் ஆகியிருந்தால் இடது பின் வளைவின் துருவை மறுக்க அது காரணமாகாது. காரில் அலுமினியப் பாகம் இருந்தால் அதற்கும் வேலை செய்யும் மீட்டர்தானா என்று கேளுங்கள், காந்தத்தை நம்பும் மீட்டர் அலுமினியத்தில் அளவு காட்டாது.

சப்ஃப்ரேமும் (சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டம்) சஸ்பென்ஷன் கைகளும் துருப்பிடித்திருக்கின்றன. இதற்குக் கேட்கலாமா?

துரு உத்தரவாதம் பெரும்பாலும் பாடித் தகடுகளுக்கு மட்டும்தான். போல்ட் போட்டு மாட்டிய இந்தப் பாகங்களும் சைலன்சரும் அதில் வராது. அந்த மாடலுக்கு ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய நிறுவனமே கார்களைத் திரும்ப அழைப்பது, ஏதாவது உண்டா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

துருவைச் சுரண்டி வெல்டிங் செய்து பெயின்ட்டும் அடித்துவிட்டேன். இப்போதுதான் வாரண்டி இருப்பது தெரிந்தது.

வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தப் பணம் திரும்ப வருவது மிகக் கடினம். ஆய்வாளர் பார்க்க வேண்டிய துரு இப்போது இல்லை. வெட்டி எடுத்த தகடு அந்தப் பட்டறையில் கிடந்தால் வாங்கி வையுங்கள், மறுபக்கம் இதே துரு வரும்போது உதவும்.

வாங்கும்போது அடிப்பகுதி கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. இப்போது அந்தப் பூச்சு பாளமாக உரிகிறது, அடியில் தகடே இல்லை. டீலரைக் கேட்பதா, நிறுவனத்தைக் கேட்பதா?

இரண்டு பேரையும், தனித்தனியாக. நிறுவனத்திடம் கேட்பது உத்தரவாதம். விற்றவரிடம் கேட்பது, குறையை மறைத்து விற்றதற்கான இழப்பு. பழைய துருவின் மேல் புதிதாக அண்டர்கோட்டிங் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கித் துரு வேகமெடுக்கும். அதனால் நிறுவனம் விற்றவரைக் கைகாட்டும், விற்றவர் நிறுவனத்தைக் கைகாட்டுவார். உரிந்த பாளத்தைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். அதன் உட்பக்கத்தில் துருச்செதில் ஒட்டியிருந்தால், பூச்சு அடித்தபோதே அங்கே துரு இருந்திருக்கிறது என்று காட்ட அது உதவும். விற்பனை விளம்பரத்தில் இருந்த அடிப்பகுதிப் படங்களும் கிடைத்தால், ஒரு சுயேச்சையான பொறியாளரிடம் இரண்டையும் கொடுத்து எழுத்தில் அறிக்கை வாங்கிக்கொண்டு முதலில் விற்றவருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள்.