சிரியாவில் நடந்த போருக்கு லெபனானில் ஏன் கார் குண்டு வெடித்தது?

2013-இல் திரிப்போலியில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். லிபியாவின் தலைநகர் இல்லை, அதே பெயரில் வடக்கு லெபனானில் இருக்கும் கடற்கரை நகரம்.

ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை நேரம். தக்வா பள்ளிவாசல், சலாம் பள்ளிவாசல் இரண்டின் வாசலிலும் நிறுத்தியிருந்த கார்கள் சில நிமிட இடைவெளியில் வெடித்தன. நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள், காயம்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில். 1990-இல் லெபனானின் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, அதுவரை அந்த நாட்டில் எந்தக் குண்டுவெடிப்பிலும் அவ்வளவு பேர் செத்ததில்லை. அப்போது நான் துபாயில் இருந்தேன், கூட வேலை பார்த்த ஒருவர் அந்த ஊர்க்காரர். வீட்டுக்குப் போன் போட்டு லைன் கிடைக்காமல் அவர் தவித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் சொல்லித்தான் எனக்கு இந்த ஊரைப் பற்றியே தெரியும்.

சிரியா எல்லை அங்கிருந்து ரொம்பப் பக்கம், அந்தப் பக்கம் இருக்கும் ஹோம்ஸ் நகரத்தோடு கொடுக்கல் வாங்கலும் கல்யாண உறவும் காலங்காலமாக உண்டு. ஆனால் போர் அங்கிருந்து சும்மா பரவி வந்துவிட்டது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் ஊருக்குள்ளேயே பழைய பகை ஒன்று இருந்தது. மேட்டில் ஜபல் முஹ்சின் என்ற பகுதி, அங்கே அலவிகள் (ஷியா வழியில் வந்த ஒரு சிறு பிரிவு), அப்போதைய சிரிய அதிபர் அசாத்தும் அந்தப் பிரிவுதான், அதனால் அவர் பக்கம். கீழே பாப் அல்-தப்பானே, அங்கே சுன்னிகள், அசாத்துக்கு எதிர்ப்பக்கம். நடுவில் ஓடும் தெருவுக்குப் பெயரே சிரியாத் தெரு. சிரியா ராணுவம் 1976 முதல் 2005 வரை லெபனானில் இருந்தபோது விழுந்த காயம் அது. 2011-இல் சிரியாவில் போர் தொடங்கிய பிறகு இந்தப் பகைக்குப் பணமும் துப்பாக்கியும் வந்து சேர்ந்தன. இரண்டு பக்கமும் நாட்டிலேயே ஏழ்மையான பகுதிகள், வேலையில்லாத பையன்கள், அவர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுப்பது யாருக்கும் கஷ்டமாக இல்லை.

அதோடு 2013-இல் லெபனானின் ஷியா ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லா அசாத்துக்காகச் சிரியாவுக்குள் வெளிப்படையாகப் போய்ச் சண்டை போட்டது. ஆகஸ்ட் 15 அன்று பெய்ரூட்டின் தெற்குப் புறநகரில், ஷியாக்கள் வாழும் இடத்தில் கார் குண்டு. எட்டே நாளில் திரிப்போலியில் சுன்னிப் பள்ளிவாசல்கள். தக்வா இமாம் அசாத்தை வெளிப்படையாக எதிர்த்தவர். 2016-இல் லெபனான் நீதிமன்றக் குற்றப்பத்திரிகை சிரிய உளவுத்துறை அதிகாரிகளின் பெயரையே குறிப்பிட்டது. ஆனால் செத்தவர்கள் தொழப் போன சாதாரண ஜனங்கள்.

எனக்குப் பொறுக்காத விஷயம் இன்னொன்று. அந்த இரண்டு பகுதிகளுக்கும் நடுவே 2008-இலிருந்து விட்டு விட்டு நடந்த தெருச் சண்டை, 2014 ஏப்ரலில் அரசியல் தலைவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போய் ராணுவத்தை உள்ளே அனுப்பியதும் சில நாளில் அடங்கிவிட்டது. மனது வைத்திருந்தால் முன்னாலேயே செய்திருக்கலாம்.