எல்.டி.ஹெச். ஏறியிருக்கிறது, என்ன வகைப் புற்றுநோய்?

கேள்வி: தம்பிக்கு 29 வயது. வலது விரையில் வலியில்லாத கட்டி. ஸ்கேனில் சந்தேகம் என்றார்கள். மோல்மேனில் ரத்தம் எடுத்து, பஸ்ஸில் ரங்கூன் லேபுக்கு அனுப்பினோம். எல்.டி.ஹெச்., பி.எல்.ஏ.பி. என்ற இரண்டு என்சைம்களும் (நொதிகள்) கூடுதல். ஏ.எஃப்.பி., பீட்டா ஹெச்.சி.ஜி. என்ற புரதங்கள் சரியாக உள்ளன. சுருட்டுப் பழக்கம் உண்டு. இது எந்த வகை?
— ஒரு வாசகர், மோல்மேன்

பதில்: இந்த இரண்டு என்சைம்களை வைத்து வகை சொல்ல முடியாது.

எல்.டி.ஹெச். தசை, ஈரல், சிவப்பணு என்று உடம்பெங்கும் இருப்பது. பிரிக்காத ரத்தம் பஸ்ஸில் குலுங்கினால் சிவப்பணு உடைந்து அதிலுள்ளது சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீரில்) கலந்துவிடும். சீரம் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். சிவப்போடியிருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். ரத்தம் அரைமணி நேரம் உறைந்ததும் சுழற்றி, சீரத்தைத் தனிக்குழாயில் மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அதைவிட, தம்பியையே ரங்கூனுக்கு அழைத்துப்போய் அங்கே ரத்தம் கொடுப்பது நல்லது.

விரைப் புற்றுக்கட்டிகள் பலவற்றில் 12ஆம் குரோமோசோமின் குட்டைக் கை கூடுதலாக இருக்கும். எல்.டி.ஹெச்.-1 வகைக்கான மரபணு அங்கேதான் இருக்கிறது. அது ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் இந்த அளவு காட்டுவது நோயின் பாரத்தை, அதாவது கட்டி எவ்வளவு இருக்கிறது என்பதை; வகையை அல்ல.

பி.எல்.ஏ.பி. செமினோமா என்ற விரைப் புற்று வகையில் ஏறும், உண்மைதான். புகை பிடிப்பவருக்குக் கட்டியே இல்லாமலும் ஏறும். சுருட்டுக்காரரின் ரத்தத்தில் இதைப் பார்ப்பது காசுக்குக் கேடு. வெட்டியெடுத்த திசுவில் சாயமேற்றிப் பார்க்கத்தான் இது உதவும்.

வகைக்குத் துப்புத் தருபவை மற்ற இரண்டும், அதாவது ஏ.எஃப்.பி.யும் ஹெச்.சி.ஜி.யும். அவை என்சைம்கள் அல்ல. வேறு வகை கலக்காத தனிச் செமினோமா ஏ.எஃப்.பி.யைச் சுரக்காது. அது தெளிவாக ஏறியிருந்தால், ஸ்லைடு செமினோமா என்றாலும் கலப்புக் கட்டியாகவே வைத்தியம் பார்ப்பார்கள். ஆனால் ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்கும் ஏ.எஃப்.பி. ஏறலாம், அதனால் ஈரல் பரிசோதனையும் சேர்த்துச் செய்யுங்கள். ஹெச்.சி.ஜி. மிக உயர்ந்தால் கோரியோகார்சினோமா என்ற இன்னொரு வகையை நினைக்க வேண்டும்; சில செமினோமாக்களில் கொஞ்சம் ஏறும்.

இரண்டும் சரியாக இருப்பதால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். செமினோமாவில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கட்டியில் ஊசி குத்தவோ விரைப்பை வழியாக வெட்டவோ விடாதீர்கள். புற்றணு வேறு வழியில் பரவ இடமுண்டு. கவட்டில் கீறித்தான் விரையை எடுக்க வேண்டும். வகை முடிவாவது அந்தத் திசுவில்தான்.

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஒரே லேபில் பாருங்கள். ஏ.எஃப்.பி. 5–7 நாளிலும், ஹெச்.சி.ஜி. ஒன்றரை நாளுக்குள்ளும் பாதியாகும். 400 இருந்த ஏ.எஃப்.பி. ஒரு வாரம் கழித்தும் 350 என்றால் எங்கோ நோய் மிச்சம் இருக்கலாம். குழந்தை ஆசை இருந்தால், கீமோவுக்கு முன்பே விந்து சேமிப்பது பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.