இந்தியாவின் போர் வரலாற்றைப் படிக்க ஆசை. அரசு வெளியிட்டவற்றை நம்பலாமா? எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாகப் படிக்கலாம். ஆனால் எதைக் கையில் எடுத்தாலும், அதை எப்போது எழுதி முடித்தார்கள், எப்போது வெளியே விட்டார்கள் என்று முதலில் பாருங்கள். பல வருடங்களாக இவற்றைத் தேடித் தேடிப் படிக்கிறேன். என் அனுபவத்தில் இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும்.

பாதுகாப்பு அமைச்சகத்துக்கு வரலாற்றுப் பிரிவு என்று தனியாகவே ஒன்று உண்டு. 1947-48 காஷ்மீர் போரைப் பற்றி அது எழுதிய நூல் 1987-ல்தான் வந்தது. 1962 சீனப் போர், 1965, 1971 பாகிஸ்தான் போர்கள் ஆகியவற்றின் வரலாறுகள் 1992-லேயே தயாராகிவிட்டன. வரலாற்றாசிரியர் எஸ்.என். பிரசாத் தலைமையில் எழுதப்பட்டவை அவை. ஆனால் 1965, 1971 இரண்டும் முறையாகப் புத்தகமாக வர 2010-ஐத் தாண்ட வேண்டியிருந்தது. 1962 வரலாறோ ஒரு பத்திரிகை வழியாகக் கசிந்துதான் வாசகர்கள் கைக்குக் கிடைத்தது. 1971-ல் சுமார் 93,000 பேர் நம்மிடம் சிறைப்பட்டார்கள். அப்படி வென்ற போரின் வரலாற்றையே பூட்டி வைத்திருந்தோம் என்பதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

1962 பற்றி எல்லோரும் கேட்பது ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையைத்தான். லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பிரேம் பகத்தும் அந்தப் போரில் நம் ராணுவத்துக்கு ஏற்பட்ட பின்னடைவை விசாரித்து 1963-ல் கொடுத்தது. அரசு இன்றுவரை அதை வெளியிடவில்லை. 2014-ல் பத்திரிகையாளர் நெவில் மாக்ஸ்வெல் அதன் ஒரு பகுதியை இணையத்தில் போட்டார். அதைத் தேடுவதற்கு முன்னால், பாதுகாப்பு அமைச்சர் ஒய்.பி. சவான் 1963 செப்டம்பர் 2-ம் தேதி மக்களவையில் ஆற்றிய உரையைப் படியுங்கள். நம் வீரர்களுக்குக் கிடைத்த பயிற்சி சீனாவுடன் போர் வரும் என்று நினைத்துக் கொடுத்த பயிற்சி அல்ல, சீனப் படையின் போர்முறை அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்று அவரே சபையில் சொல்லியிருக்கிறார். நாடாளுமன்றப் பதிவுகளில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அப்புறம், பெரிய வரலாறுகளில் சின்ன இடங்கள் காணாமல் போய்விடும். அவற்றை விட்டுவிடாதீர்கள். லடாக்கில் சுஷூலுக்குப் பக்கத்தில் ரெசாங் லா என்று ஒரு கணவாய், சுமார் 16,000 அடி உயரம். 1962 நவம்பர் 18 விடியற்காலையில் 13-வது குமாவுன் பட்டாலியனின் சி கம்பெனி, மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில், சுமார் 120 பேர் அங்கே நின்றார்கள். நடுவில் ஒரு மலைமுகடு மறைத்ததால் நம் பீரங்கிகளால் அவர்களுக்கு உதவ முடியவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கேயே உயிர்விட்டார்கள். தப்பி வந்த சிலர் சொன்னதை அப்போது பலர் நம்பவில்லை. 1963 பிப்ரவரியில் பனிக்குள் உடல்களைக் கண்டபோது, பலர் கையில் துப்பாக்கி பிடித்தபடியே பதுங்குகுழியில் கிடந்தார்கள். மேஜருக்குப் பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். அந்த மலைமுகடு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்த பிறகுதான் அந்தக் காலையில் என்ன நடந்தது என்றே எனக்குப் புரிந்தது. அதனால் வரைபடம் இல்லாமல் எந்தப் போர் நூலையும் படிக்காதீர்கள்.

சரி, முதலில் எது? கார்கில் ஆய்வுக் குழுவின் அறிக்கையைத்தான் சொல்வேன். 1999 கார்கில் போரை ஆராய, திருச்சியில் பிறந்த பாதுகாப்பு விவகார வல்லுநர் கே. சுப்ரமணியம் தலைமையில் 1999 ஜூலை 29-ல் அமைத்த குழு. அறிக்கை 2000 பிப்ரவரி 23-ல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. சில பகுதிகளை நீக்கிவிட்டார்கள், இணைப்புகளும் கிடைக்காது. இருந்தாலும், பாகிஸ்தானின் ஊடுருவலை நம் உளவு அமைப்புகளால் முன்கூட்டியே பிடிக்க முடியாமல் போனது ஏன் என்பதை, போர் முடிந்த சில மாதங்களிலேயே ஒரு அரசுக் குழு இவ்வளவு வெளிப்படையாக எழுதியது நம் நாட்டில் அபூர்வம். இதைப் படித்துவிட்டு 1962-க்குப் போனால் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே பிடிபடும்.

2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு புதிய கொள்கை கொண்டுவந்தது. பதிவுகளைச் சாதாரணமாக 25 ஆண்டுகளில் ரகசியப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும், போர் முடிந்த இரண்டு ஆண்டுகளுக்குள் வரலாறு எழுதக் குழு அமைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பழைய 1962 பதிவுகள் தானாகவே வெளியே வந்துவிடும் என்று அதை வைத்து எதிர்பார்க்க வேண்டாம்.

தமிழிலேயே ஏதாவது வேண்டும் என்றால் சைனிக் சமாச்சார் பாருங்கள். 1909-ல் ஃபௌஜி அக்பார் என்ற பெயரில் தொடங்கிய ராணுவ இதழ் அது. 1954-ல் பெயர் மாறியது, தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்திருக்கிறது. போர் பற்றிய விமர்சனத்தை அதில் தேடாதீர்கள். முகாம் வாழ்க்கை, விருது பெற்றவர்கள், பயிற்சி பற்றியெல்லாம் ராணுவம் தன் வீரர்களிடம் எப்படிப் பேசியது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. பழைய இதழ் கண்ணில் பட்டால் விடாமல் வாங்கிவிடுங்கள்.