எந்த மட்டையால் அடித்தது?

வணக்கம் சார்,

அமெரிக்காவின் ஒமாஹாவில் நடக்கும் கல்லூரி பேஸ்பால் சாம்பியன்ஷிப் பற்றிப் போன வாரம் ஒரு குறிப்பு எழுதியிருந்தீர்கள். 2023 இறுதிச்சுற்றில் ஃப்ளோரிடா 24–4 என்று ஜெயித்த ஆட்டம்தான் அந்தப் போட்டியின் பெரிய சாதனை என்று அதில் இருந்தது. எனக்கு ஒப்பவில்லை. மறுநாளே 18–4 என்று உதை வாங்கிக் கோப்பையைக் கோட்டைவிட்ட அணி அது. அந்த ஸ்கோரை எப்படிச் சாதனை என்கிறீர்கள்?

நான் பதினோரு வருடமாகக் கான்சாஸ் பக்கம் இருக்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், பேஸ்பால் எல்லாம் மகன் வழியாக வந்ததுதான். அவனுக்குப் பத்து வயது. பிட்சர் ஆகப்போகிறானாம், சாயங்காலமானால் கொல்லைப்புற வேலியைப் பார்த்துப் பந்து எறிந்துகொண்டே இருக்கிறான். உங்கள் குறிப்பைப் படித்துச் சொன்னதும் இரண்டு கேள்வி கேட்டான். 1998 போட்டியில் மொத்தம் 62 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி வேலியைத் தாண்டும் அடி), 2014ல் வெறும் மூன்று. அப்படியானால் அந்தக் காலத்து ஆட்கள் அவ்வளவு பலசாலிகளா? இரண்டாவது, இதில் யாராலுமே முறியடிக்க முடியாத சாதனை எது? எனக்குத் தெரியவில்லை, உங்களிடம் தள்ளிவிடுகிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் என் தவறு. ‘பெரிய சாதனை’ என்று அவசரத்தில் எழுதிவிட்டேன், ‘பெரிய ஸ்கோர்’ என்று எழுதியிருக்க வேண்டும். அந்தப் போட்டியில் ஒரு அணி ஒரே ஆட்டத்தில் எடுத்த அதிகபட்ச ரன் 24, அது பதிவேட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் சொல்வதுபோல அதைத் தூக்கிப்போட்டுவிடவும் எனக்கு மனமில்லை, ஏனென்றால் அந்த ஐந்து நாட்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் போட்டி எப்படி நடக்கிறது என்பதே புரியும்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 64 கல்லூரிகள் பல ஊர்களில் மோதி, கடைசியில் எட்டு மட்டும் ஜூன் மாதம் நெப்ராஸ்காவில் இருக்கும் ஒமாஹாவுக்கு வருகின்றன. 1947ல் மிச்சிகனில் தொடங்கிய போட்டி, 1950லிருந்து இதே ஊர்தான். நான்கு நான்காகப் பிரிப்பார்கள், ஒருமுறை தோற்றால் பரவாயில்லை, இரண்டாவது முறை தோற்றால் மூட்டை கட்டவேண்டியதுதான். இரண்டு பக்கமும் மிஞ்சுகிற இரண்டு அணிகளும் மூன்று ஆட்டம் கொண்ட இறுதியில் மோதும். சுமார் பத்து நாளில் எல்லாம் முடிந்துவிடும். பேட்டர்கள் தினமும் ஆடலாம், பிட்சரின் தோள் தினமும் ஆடாது. எல்லா விசித்திர ஸ்கோர்களும் இங்கிருந்துதான் வருகின்றன.

2023 ஜூன் 22, வியாழக்கிழமை. லூசியானா ஸ்டேட்டும் வேக் ஃபாரஸ்ட்டும், ஜெயிக்கிற அணி இறுதிக்கு, தோற்கிற அணி வீட்டுக்கு. லூசியானா ஸ்டேட்டின் பிட்சர் பால் ஸ்கீன்ஸ், எதிர்ப்பக்கம் ரெட் லவுடர். ஸ்கீன்ஸ் அடுத்த மாதமே தொழில்முறைத் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, மறுவருடம் நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம் ஆனவர். ஆட்டம் வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ், சமனில் நின்றால் நீளும். அவர் எட்டு இன்னிங்ஸ், லவுடர் ஏழு, ரெண்டு பேரும் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. பேட்டர் மூன்று பேஸ்களையும் சுற்றி, கிளம்பின இடமான ஹோமுக்குத் திரும்பினால் ஒரு ரன். எட்டாவது இன்னிங்ஸில் வேக் ஃபாரஸ்ட்டுக்கு மூன்றாவது பேஸில் ஆள் நிற்கிறான், பேட்டர் பந்தைத் தட்டி வைக்கிறான், ஆள் ஹோமை நோக்கி ஓடிவருகிறான். லூசியானா ஸ்டேட்டுக்காக முதல் பேஸைக் காத்து நின்ற ட்ரே மார்கன் என்ற பையன் முன்னால் பாய்ந்து, ஓட்டத்திலேயே பந்தை அள்ளி, நிமிராமலே ஹோமில் இருக்கும் கேட்சர் பக்கம் எறிந்தான். கேட்சர் பந்தோடு ஓடிவந்தவனைத் தொட்டுவிட்டார். அவுட். ஒரு நொடி பிந்தியிருந்தால் 1–0, லூசியானா ஸ்டேட்டின் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்தக் காட்சியை எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஸ்கோர் புத்தகத்தில் அதற்கு 3-2 என்று இரண்டு எண் எழுதுவார்கள், முதல் பேஸ்காரரிடமிருந்து கேட்சருக்கு என்று அர்த்தம். பதினோராவது இன்னிங்ஸில் டாமி வைட் ஒரு ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை 2–0 என்று முடித்துவைத்தார்.

சனிக்கிழமை இறுதியின் முதல் ஆட்டம், அதுவும் பதினோரு இன்னிங்ஸ், ஃப்ளோரிடாவை லூசியானா ஸ்டேட் 4–3 என்று ஜெயித்தது. ஞாயிறு, நீங்கள் திட்டுகிற அந்த 24–4. திங்கள் 18–4, இந்தமுறை எதிர்ப்பக்கம். இரண்டு அணிக்குமே கை ஓய்ந்துபோயிருந்தது. ஞாயிறன்று ஆட்டம் கைநழுவிவிட்டது என்று தெரிந்ததும் லூசியானா ஸ்டேட் தன் நல்ல பிட்சர்களைத் திங்கட்கிழமைக்கென்று பத்திரப்படுத்திக்கொண்டது. நான்கு ரன்னில் தோற்றாலும் இருபது ரன்னில் தோற்றாலும் ஒரே தோல்விதானே? ஆக, அந்த 24ல் ஃப்ளோரிடாவின் பலம் எவ்வளவோ அவ்வளவு எதிரணியின் கணக்கும் இருக்கிறது. இதைப் பதிவேடு சொல்லாது.

(சாதனை என்றதும் ஞாபகம் வருகிறது. மைதானத்துக்கு எதிரே ராக்கோஸ் என்ற பீட்சாக் கடையில், எந்த அணியின் ரசிகர்கள் அதிகமாக ஜெல்லி போட்ட மதுக் கோப்பைகளை உள்ளே தள்ளுகிறார்கள் என்று பலகையில் எண்ணிக்கை எழுதுவார்கள். அதே 2023ல் லூசியானா ஸ்டேட் ரசிகர்களின் கணக்கு 68,888. பையனிடம் இதைச் சொல்லவேண்டாம்.)

சரி, அவனுடைய முதல் கேள்வி. பத்து வயதில் இதைக் கேட்கிறான் என்றால் நல்ல பையன். பதில், பலசாலிகள் இல்லை, மட்டை அப்படி.

தொழில்முறை பேஸ்பாலில் மர மட்டை மட்டும்தான். கல்லூரி ஆட்டத்தில் 1974லிருந்து அலுமினிய மட்டைக்கு அனுமதி கொடுத்தார்கள், மரம் அடிக்கடி உடைந்து செலவு வைக்கிறது என்பதுதான் காரணம். அலுமினியம் உள்ளே குழல். பந்து படும்போது அதன் சுவர் லேசாக உள்வாங்கித் திரும்பத் தள்ளும், கயிற்றுக் கட்டிலில் குதித்தால் தூக்கிவிடுகிற மாதிரி. கம்பெனிகள் வருடாவருடம் மட்டையின் எடையைக் குறைத்துக்கொண்டே போனார்கள், எடை குறைந்தால் வீச்சின் வேகம் கூடும். இதெல்லாம் சேர்ந்து வெடித்த வருடம்தான் 1998. இறுதி ஆட்டத்தில் சதர்ன் கலிஃபோர்னியா 21, அரிசோனா ஸ்டேட் 14. அமெரிக்கக் கால்பந்து ஸ்கோர் மாதிரி இருக்கிறது என்று அப்போதே கிண்டல் செய்தார்கள். அங்கே ஆடினவர்கள் சளைத்தவர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் மூன்றாவது பேஸில் நிற்கிற பையனின் முகத்துக்கு நேரே அந்த வேகத்தில் பந்து வந்தால் என்ன ஆகும் என்று நிர்வாகிகளுக்கே பயம் வந்துவிட்டது.

அடுத்த வருடமே விதி மாறியது. மட்டையின் நீளம் எத்தனை அங்குலமோ, எடை அவுன்ஸில் அதைவிட மூன்றுக்குமேல் குறையக்கூடாது, பருமனும் குறைந்தது. 2011ல் இன்னொரு விதி வந்து, உலோக மட்டையும் பந்தைக் கிட்டத்தட்ட மரம் தள்ளுகிற அளவுக்குத்தான் தள்ளவேண்டும் என்று கட்டிப்போட்டார்கள். அதே வருடம் மைதானமும் மாறியது. அறுபது வருடமாக ஆடிய ரோசன்பிளாட் மைதானத்தை விட்டு நகர்மையத்துக்குப் பக்கத்தில் புதுசாகக் கட்டினார்கள், அங்கே காற்று பல நாள் வெளியிலிருந்து பேட்டரின் முகத்துக்கு அடிக்கிறது. மட்டை செத்துப்போய், காற்றும் எதிர்த்தால்? 2013ல் போட்டி முழுக்க மூன்று ஹோம் ரன், 2014லும் மூன்று. ரசிகர்களுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. 2015ல் பந்தின்மேல் கைவைத்தார்கள், தையலின் உயரத்தைக் குறைத்தார்கள். தையல் தணிந்திருந்தால் காற்று குறைவாகத்தான் பிடிக்கும், பந்து கொஞ்சம் கூடுதலாகப் போகும். தையல் நூலுக்கு இத்தனை மரியாதை கிரிக்கெட்காரர்களான நமக்கு ஒன்றும் புதிதில்லை.

அதனால் இந்தப் போட்டியின் பேட்டிங் சாதனை எதைப் பார்த்தாலும் நான் முதலில் வருடத்தைப் பார்ப்பேன். 1974க்கு முன்னாலா, 1998 பக்கமா, 2011க்கு அப்புறமா? அது தெரிந்தபிறகுதான் ஆளின் பெயர். நீங்கள் ஸ்கோரைத்தான் சந்தேகப்பட்டீர்கள், நான் உங்களைவிட ஒருபடி மேலே போய் மட்டையையே சந்தேகப்படுகிறேன்.

தோற்ற அணியின் எண் சாதனையாகாது என்கிறீர்களே, அதில்தான் எனக்கு உங்களோடு சண்டை. 1973ல் மின்னசோட்டாவுக்கு டேவ் வின்ஃபீல்ட் பந்து வீசினார். பிற்காலத்தில் பேட்டராகப் பெரும்புகழ் பெற்ற அதே வின்ஃபீல்ட், கல்லூரியில் அவர் பிட்சர். எதிரே தொடர்ந்து மூன்று வருடம் கோப்பையைத் தூக்கிய சதர்ன் கலிஃபோர்னியா. வின்ஃபீல்ட் பதினைந்து பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) செய்திருக்கிறார், ஸ்கோர் 7–0, மிச்சம் ஒன்பதாவது இன்னிங்ஸ் மட்டும். அதில் அவர் களைத்துப்போக, பந்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு அவரை இடதுபுற ஃபீல்டிங்குக்கு அனுப்பினார்கள். அந்த ஒரே இன்னிங்ஸில் எட்டு ரன். 8–7. இடதுபுறத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். ஜெயித்த சதர்ன் கலிஃபோர்னியா கோப்பையையும் வாங்கிக்கொண்டு போனது, போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதை மட்டும் வீட்டுக்குப் போன அணியின் வின்ஃபீல்டுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பதினைந்து ஸ்ட்ரைக் அவுட்டை உங்கள் கணக்கில் எங்கே எழுதுவீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் சொல்கிற பதில், அதே சதர்ன் கலிஃபோர்னியா 1970லிருந்து 1974வரை வரிசையாக வாங்கிய ஐந்து கோப்பை. அப்புறம் ஒரு அணிகூட வரிசையாக மூன்று வாங்கியதில்லை. மொத்தக் கணக்கிலும் அவர்கள்தான் முன்னே, 12. லூசியானா ஸ்டேட் 2025ல் எட்டாவதை வாங்கிக்கொண்டு துரத்துகிறது. ஐந்து முறை தொடர்ச்சி என்பது கடினம், ஆனால் முடியவே முடியாது என்று சத்தியம் செய்யமாட்டேன்.

பையன் பிட்சர் ஆகப்போகிறவன் என்பதால் வேறு ஒன்று சொல்கிறேன். 2025 ஜூனில் ஆர்கன்சா அணியின் கேஜ் வுட், மர்ரி ஸ்டேட்டுக்கு எதிராக ஒரு ஹிட்கூட (பேட்டர் பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸுக்குப் போவது) கொடுக்காமல் ஒன்பது இன்னிங்ஸ் வீசினார். இந்தப் போட்டியில் அப்படி நடப்பது மூன்றாவது தடவைதான், முந்தையது 1960ல். எட்டாவது இன்னிங்ஸில் ஒரு பேட்டரின் மேல் பந்து பட்டுவிட்டது, பேஸுக்குப் போன ஒரே ஆள் அவன்தான். ஸ்ட்ரைக் அவுட் 19. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் அதுதான் உச்சம். போட்டியின் மொத்த உச்சமோ 20, ஓஹையோ ஸ்டேட்டின் ஸ்டீவ் ஆர்லின், 1965, வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு எதிராக. அந்த ஆட்டம் பதினைந்து இன்னிங்ஸ் போனது, பதினைந்தையும் அவரே வீசி 1–0 என்று ஜெயித்தார்.

இருபது ஸ்ட்ரைக் அவுட்டை நாளைக்கே யாராவது தாண்டலாம், வுட் ஒன்றில்தான் தவறவிட்டார். ஆனால் ஒரு பையனைப் பதினைந்து இன்னிங்ஸ் வீசவிடுகிற பயிற்சியாளர் இனிமேல் பிறக்கப்போவதில்லை, எறிகிற பந்தை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஆள் உட்கார்ந்திருக்கிற காலம் இது. அந்தப் பதினைந்துதான் உங்கள் மகனுக்கு என் பதில். வேலியைப் பார்த்து அவன் எத்தனை பந்து எறிகிறான் என்று நீங்களும் கொஞ்சம் எண்ணுங்கள். ஆர்லின் மறுவருடம் கோப்பையையும் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார், சில வருடம் சான் டியாகோ அணிக்குத் தொழில்முறையில் வீசினார், அப்புறம் அதே ஊரில் பல் டாக்டராக உட்கார்ந்துவிட்டார்.