அமெரிக்காவில் வேலை போனால் அரசு செலவில் கோர்ஸ் படிக்கலாம் என்கிறார்களே, அந்த ‘ஒர்க்ஃபோர்ஸ் போர்டு’ யாருக்கு, எப்படிப் பணம் தருகிறது?

தரும். (போர்டு என்பது அரசின் வேலைவாய்ப்புப் பணத்தை உள்ளூரில் பங்கிடும் குழு.) ஆனால் உங்கள் கையில் தராது. நீங்கள் ஆசைப்படும் கோர்ஸுக்குத் தருமா என்பதும் சந்தேகம்தான். நான் கேட்ட கோர்ஸ் எனக்குக் கிடைக்கவில்லை, வேலை கிடைத்தது. கொஞ்சம் நீளமான கதை.

நான் இருப்பது டெக்சாஸ். எண்ணெய்க் கிணறுகளுக்கு உதிரி பாகம் விற்கும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஹெச்.ஆர். கூப்பிட்டார்கள். அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அடுத்த வாரமே ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஆன்லைனில் டேட்டா அனலிடிக்ஸ் சொல்லித் தரும் ஒரு நிறுவனத்துக்குப் போன் செய்தபோது, “லே-ஆஃப் லெட்டர் இருக்கிறதல்லவா, அரசாங்கமே கட்டிவிடும்” என்றார்கள். 500 டாலர் முன்பணம் கட்டி, அந்த ரசீதோடு எங்கள் ஊர் போர்டின் வேலைவாய்ப்பு மையத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் அறுபதை நெருங்கும் ஒரு கவுன்சிலர் அம்மா. ரசீதை நிதானமாகப் படித்துவிட்டு இரண்டே விஷயம் சொன்னார். அந்த நிறுவனம் அவர்கள் பட்டியலில் இல்லை. இருந்திருந்தாலும், அவர்கள் ஒப்புதல் தருவதற்கு முன்பே நான் சேர்ந்துவிட்ட வகுப்புக்கு ஒரு சென்ட்கூடக் கொடுக்க முடியாது. 500 டாலர் போனது போனதுதான். இதைப் படிக்கிறவர்களில் ஒருவராவது பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த மேசைக்குப் போனால் சரி.

இனி போர்டு விஷயம். 2014-ல் ஒபாமா கையெழுத்திட்ட வேலைப் பயிற்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் சுருக்கப் பெயரை (WIOA) இங்கே எல்லோரும் ‘வியோவா’ என்பார்கள். இதே வேலைக்கு 1973, 1982, 1998 என்று முன்னால் மூன்று சட்டங்கள் வந்து போயிருக்கின்றன. வியோவாவுக்கும் 2020-லேயே காலம் முடிந்துவிட்டது. புதுப்பிக்காமல், வருஷா வருஷம் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாஷிங்டனிலிருந்து வேலையின்மைக் கணக்கையெல்லாம் வைத்து ஒரு சூத்திரப்படி மாநிலத்துக்குப் பணம் வரும். கவர்னர் 15 சதவீதம் வரை எடுத்து வைத்துக்கொள்ளலாம். லே-ஆஃப் ஆனவர்களுக்கான பணத்தில், திடீர் ஆட்குறைப்பைச் சமாளிக்க என்று இன்னும் 25 சதவீதம் வரை ஒதுக்கலாம். மிச்சம் உள்ளூர் போர்டுகளுக்கு. டெக்சாஸில் மட்டும் 28 போர்டுகள். நாடு முழுக்க 500-க்கு மேல்.

போர்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நான் ஏதோ அரசு அதிகாரிகள் என்று நினைத்திருந்தேன். சட்டப்படி பாதிக்கு மேல் உள்ளூர் முதலாளிகள், கம்பெனி நிர்வாகிகள். தலைவரும் அவர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். தொழிற்சங்கம், அப்ரென்டிஸ் பயிற்சி போன்ற தொழிலாளர் தரப்புக்கு 20 சதவீதமாவது. மீதி இடங்களில் கல்லூரி, மாற்றுத்திறனாளிகள் துறை, தொழில் வளர்ச்சித் துறை ஆட்கள். நியமிப்பது மேயர், கவுண்டி ஜட்ஜ் போன்ற தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. டெக்சாஸில் கவுண்டி ஜட்ஜ் என்றால் தீர்ப்பு சொல்கிறவர் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், கவுண்டி நிர்வாகத்துக்கே அவர்தான் தலைவர்.) இவர்கள் யாரும் வகுப்பு எடுப்பதில்லை, ரெஸ்யூமே திருத்துவதில்லை. டெண்டர் விட்டு ஒரு ஒப்பந்தக்காரரை வைத்து மையத்தை நடத்துகிறார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவும் அப்படி ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர்தான்.

பணம் மூன்று பைகளில் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒன்று, லே-ஆஃப் ஆனவர்களுக்கு ஒன்று, 24 வயது வரையிலான இளைஞர்களுக்கு ஒன்று. நீங்கள் எந்தப் பையில் விழுகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. முதல் பையில் அரசு உதவி வாங்குகிறவர்கள், குறைந்த வருமானக்காரர்கள், படிப்பறிவு குறைந்தவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இரண்டாவது பைக்கு அந்த நிபந்தனை இல்லை. லே-ஆஃப் லெட்டர் வேண்டும், பழைய துறைக்கோ தொழிலுக்கோ திரும்பிப் போக வாய்ப்பு குறைவு என்று காட்ட வேண்டும். நான் விழுந்தது அதில். எந்தப் பையானாலும், அதற்குத் தகுதி உள்ளவர்களில் ராணுவத்தில் இருந்தவர்களுக்கு முன்னுரிமை.

நம்மவர்கள் அடிக்கடி கேட்பதால் விசா பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதி இருந்தாக வேண்டும். கிரீன் கார்டு, குடியுரிமை என்றால் கவலையில்லை. ஹெச்-4-ல் (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் கணவன் அல்லது மனைவிக்கான விசா) இஏடி எனும் வேலை அனுமதி அட்டை இல்லாமல் இருப்பவர்களுக்குக் கிடையாது. ஹெச்-1பி-யில் வேலை போனால், வேறு வேலை பிடிக்க அல்லது நாட்டை விட்டுப் போக 60 நாள் கெடு ஓட ஆரம்பித்துவிடும், அவர்கள் கோர்ஸைப் பற்றி யோசிக்கவே நேரமிருக்காது. 1960 அல்லது அதற்குப் பிறகு பிறந்த ஆண்கள் ராணுவப் பதிவேட்டில் (தேவை வந்தால் ஆள் எடுப்பதற்கான பட்டியல்) பதிந்திருக்க வேண்டும். 26 வயதுக்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் எப்போது வந்தீர்கள் என்று காட்டப் பழைய பாஸ்போர்ட்டைத் தேட வேண்டியிருக்கும். என் கணவர் “இதுக்கெல்லாமா ராணுவம்?” என்று சிரித்தார். அவருக்கு எதிலும் சிரிப்புதான்.

அடுத்து எனக்கு வாசிப்பிலும் கணக்கிலும் ஒரு பரீட்சை. பி.காம். முடித்து இருபது வருஷம் கணக்கு எழுதியவள், 41 வயதில் பின்னங்களைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தது. அதைவிட, “இந்த ஊரில் எந்த வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது, எவ்வளவு சம்பளம், நீங்களே மூன்று கம்பெனியில் பேசிவிட்டு வாருங்கள்” என்று அந்த அம்மா அனுப்பியபோது இன்னும் அதிகமாக வந்தது. போய்ப் பேசினேன். டேட்டா அனலிடிக்ஸ் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், மருத்துவ பில்லிங் தெரிந்த அக்கவுண்ட்ஸ் ஆள் கிடைக்கவில்லை என்று இரண்டு இடத்தில் சொன்னார்கள். யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பட்டியல் என்று சொன்னேன் அல்லவா, அது இரண்டு. பயிற்சி நிறுவனங்களின் பட்டியல் ஒன்று. இந்தப் பகுதியில் கிராக்கி உள்ள வேலைகளின் பட்டியல் இன்னொன்று, அதை முடிவு செய்வது போர்டு. கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம் என்று சட்டம் இருப்பதால் ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். பார்வையாளர் நாற்காலியில் நானும் ஒரு கல்லூரிக்காரரும் மட்டும். லாரி ஓட்டுநர், நர்ஸ் உதவியாளர், வெல்டர் என்று ஒவ்வொன்றாக வாசித்தார்கள். நர்ஸ் உதவியாளர் சம்பளம் குறைவு, அதற்கு ஏன் இவ்வளவு பணம் என்று தொழிற்சங்கத்துக்காரர் கேட்டார். ஆள் கிடைக்கவில்லை என்றார் ஒரு முதியோர் இல்லத்தின் நிர்வாகி. ஆள் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கும் அந்தச் சம்பளமே காரணமாக இருக்கலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நானும் பேசவில்லை, பொதுமக்கள் பேச நேரம் கொடுத்தும்கூட.

கடைசியில் எனக்குக் கோர்ஸ் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா ஒரு மருத்துவ பில்லிங் அலுவலகத்தோடு ‘ஓஜேடி’ ஒப்பந்தம் போட்டார். அதாவது, அவர்கள் என்னை முதல் நாளிலிருந்தே சம்பளத்துக்கு எடுத்து வேலை கற்றுத்தர வேண்டும், பயிற்சிக் காலச் சம்பளத்தில் பாதி வரை போர்டு அவர்களுக்குத் திருப்பித் தரும். சில நிலைகளில் 75 சதவீதம் வரைகூடத் தரலாம். சின்ன கம்பெனிக்கு அது பெரிய தைரியம். இந்த வழி ஒன்று இருப்பதே வேலை தேடுகிற பலருக்குத் தெரியாது. முதலில் போனதும் “ஓஜேடி இருக்கிறதா?” என்று கேளுங்கள். வகுப்புதான் வேண்டும் என்றால், ஒப்புதல் பெற்ற பயிற்சியில் இருக்கும்போது வேலை தேடவில்லை என்று சொல்லி, வேலை போனவர்களுக்குத் தரும் அன்எம்ப்ளாய்மென்ட் பணத்தை நிறுத்தக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். வியோவாவின் திட்ட ஆண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு முடியும் நேரத்தில் போனால் பை வற்றியிருக்கலாம், பெயரை மட்டுமாவது எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.

எனக்கு நன்றாக நடந்தது என்பதற்காக எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மனம் வரவில்லை. இவர்களுக்கு மதிப்பெண் போடுவது எப்படி என்றால், திட்டத்திலிருந்து வெளியே வந்தவர் அதற்குப் பிறகு இரண்டாவது காலாண்டில் வேலையில் இருக்கிறாரா, நான்காவது காலாண்டில் இருக்கிறாரா, என்ன சம்பளம், என்ன சான்றிதழ் என்று பார்ப்பார்கள். அப்படியென்றால், எப்படியும் வேலை கிடைத்துவிடும் என்று தோன்றுகிறவரைச் சேர்த்துக்கொள்வதில் அவர்களுக்கு லாபம். நான் அந்த வகை. பட்டப்படிப்பு, இருபது வருஷ அனுபவம், சொந்தக் கார். அந்த மையத்தில் எனக்குப் பக்கத்தில் இரண்டு வாரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பஸ் மாறி வருவாள், மடியில் ஒரு குழந்தை. இங்கிலீஷ் தடுமாறும். பரீட்சைக்குப் பிறகு அவளை நர்ஸிங் வகுப்புக்கு முன்னால் ஆங்கில வகுப்பில் சேரச் சொல்லிவிட்டார்கள். குழந்தைக் காப்பகத்துக்கு உதவும் பணமும் டெக்சாஸில் இதே போர்டு வழியாகத்தான் வருகிறது, ஆனால் அதற்குத் தனி வரிசை.

வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் கழித்து கவுன்சிலர் அம்மா போன் செய்தார். இன்னும் அதே இடம்தானா, சம்பளம் ஏறியதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நான் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இன்னொருவருடைய விவரத்தைச் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை என்றார்.