பெட்டிக்குள்ளேயே 24 சொற்கள் இருந்தால்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிட்காயின் போன்ற கிரிப்டோ காசின் ரகசியச் சாவியை இணையத்துக்கு வெளியே வைத்திருக்கும் ஹார்டுவேர் வாலட் கருவி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பெட்டிக்குள் ஒரு அட்டையில் 24 சொற்களும் பின் நம்பரும் ஏற்கெனவே அச்சடித்து வந்திருக்கின்றன. அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: தொடவே தொடாதீர்கள். அந்த 24 சொற்கள்தான் உங்கள் காசைத் திறக்கும் ரகசியம். அவற்றை அச்சடித்தவரிடம் இன்னொரு பிரதி இருக்கும், நீங்கள் காசை அனுப்பியதும் அவர் எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். நல்ல கருவி காலியாகத்தான் வரும். முதல்முறை இயக்கும்போது அதுவே சொற்களை உருவாக்கித் தன் சின்னத் திரையில் காட்டும், பின் நம்பரை வைப்பதும் நீங்களாகத்தான் இருக்க வேண்டும். பெட்டியில் ஸ்டிக்கர் கிழியாமல் இருந்ததே என்று ஆறுதல்பட வேண்டாம், அதை யாரும் அச்சடிக்கலாம். இதைத் திருப்பி அனுப்பிவிட்டு, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள், செயலியையும் அங்கிருந்தே இறக்குங்கள்.

கேள்வி: கருவி உடைந்துவிட்டால், அல்லது அந்த நிறுவனமே மூடிவிட்டால், காசு போய்விடுமா?

பதில்: போகாது. காசு கருவிக்குள் இல்லை, பிளாக்செயின் என்ற, பல கணினிகளில் பதிவாகும் பொதுக் கணக்கேட்டில் இருக்கிறது. கருவியில் இருப்பது அதை நகர்த்துவதற்கான ரகசியச் சாவி, அந்தச் சாவி பிறப்பது உங்கள் சொற்களிலிருந்து. 2013இல் வந்த பிஐபி 39 என்ற பொதுமுறையைத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றுகின்றன என்பதால், வேறு நிறுவனத்தின் கருவியிலும் அதே சொற்களைப் போட்டு மீட்டுவிடலாம். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சொற்கள் கிடைத்தவருக்கு உங்கள் கருவியும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் சொற்களை ஃபோட்டோ எடுத்து மெயிலில் போட்டு வைப்பதுதானே பத்திரம்? காகிதம் கிழியும், நனையும்.

பதில்: காகிதத்தைப் பற்றிச் சொன்னது சரி, மீதி தப்பு. ஃபோட்டோ எடுத்த நொடியே அது கிளவுடில் ஏறியிருக்கலாம், படத்திலுள்ள எழுத்துகளைத் தேடி எடுக்கும் திருட்டு மென்பொருள்களும் இருக்கின்றன. இணையத்தின் பக்கமே போகாத ஒரு கருவிக்குக் காசு கொடுத்துவிட்டு அதன் ரகசியத்தை மெயிலில் வைப்பது வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதுதான். கையால் எழுதுங்கள், வரிசை எண்ணோடு, ஏனென்றால் வரிசை மாறினாலும் வேலைக்கு ஆகாது. தீயும் தண்ணீரும் பயமென்றால் எஃகுத் தகட்டில் பொறித்துக்கொள்ளுங்கள். சொற்கள் எடுக்கப்படும் பிஐபி 39இன் 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது, அதனால் நான்கு எழுத்து பொறித்தாலே போதும். இரண்டு பிரதிகள், இரண்டு வெவ்வேறு இடங்களில்.

அப்புறம் நிறைய பேர் சோம்பல்பட்டு விட்டுவிடும் வேலை ஒன்று இருக்கிறது, என்னைக் கேட்டால் இதைச் செய்யாதவரை கருவி இன்னும் தயாராகவில்லை என்றுதான் அர்த்தம். முதலில் கொஞ்சூண்டு காசை மட்டும் அனுப்புங்கள். பிறகு கருவியை அமைப்புகளுக்குள் போய் முழுக்க அழித்துவிட்டு, எழுதி வைத்ததைப் பார்த்துச் சொற்களைக் கருவியிலேயே உள்ளிட்டு மீட்டெடுங்கள். அதே முகவரியும் (காசு வந்து சேரும் கணக்கு எண் மாதிரி) அதே தொகையும் திரும்பி வந்தால், நீங்கள் எழுதியது சரி. வரவில்லையென்றால் போனது சில்லறைதான்.

கேள்வி: 25ஆவது சொல் என்று ஒன்று சேர்க்கச் சொல்கிறார்களே, தேவையா?

பதில்: அது பாஸ்ஃபிரேஸ். நீங்களே விருப்பப்படி வைப்பது, எந்தப் பட்டியலிலும் இல்லாதது. சொற்களைத் திருடியவரும் இது தெரியாமல் உள்ளே போக முடியாது. ஆனால் ஒரு எழுத்து பெரியதா சிறியதா என்று மாறினாலும், இடையில் ஒரு இடைவெளி கூடினாலும் ‘தவறு’ என்று கருவி சொல்லாது, பேசாமல் வேறொரு காலி வாலட்டைத் திறந்து காட்டும். மறதிக்காரர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். வைப்பதானால் அதையும் எழுதி, சொற்கள் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறெங்காவது வையுங்கள்.

கேள்வி: கருவி நிறுவனத்தின் பெயரில் தபால் வந்தது. பாதுகாப்புக் கோளாறாம், 24 சொற்களையும் ஒரு தளத்தில் பதிய வேண்டுமாம். என் பெயரும் விலாசமும் சரியாகவே இருக்கின்றன.

பதில்: கிழித்துப் போடுங்கள். விலாசம் சரியாக இருப்பதால் மட்டும் கடிதம் உண்மையாகிவிடாது. 2020இல் ஹார்டுவேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்ததில் 2,70,000க்கும் மேற்பட்டோரின் பெயர், வீட்டு விலாசம், ஃபோன் நம்பர் எல்லாம் வெளியே வந்தன, அடுத்த வருடம் சிலருக்குப் போலிக் கருவியே பார்சலில் போனது. எந்த நிறுவனமும் உங்கள் சொற்களைக் கேட்காது. கேட்பவர் திருடர், விசாரிக்கவே வேண்டியதில்லை.

கேள்வி: என் கணினியில் வைரஸ் இருந்தாலும் கருவி காப்பாற்றிவிடும்தானே?

பதில்: சாவியைக் காப்பாற்றும், உங்கள் கையெழுத்தை, அதாவது காசை அனுப்பக் கருவியில் நீங்கள் கொடுக்கும் ஒப்புதலை, காப்பாற்றாது. நகலெடுத்த முகவரியை ஒட்டும்போது சத்தமில்லாமல் மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு, அதனால் கணினித் திரையை நம்பாமல் கருவியின் திரையில் முகவரியை முழுக்கப் படியுங்கள், முதல் நான்கும் கடைசி நான்கும் பார்த்தால் போதாது, அவை ஒத்துப்போகும்படி முகவரி உருவாக்கி ஏமாற்றுகிறார்கள். பைபிட் என்ற பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் 2025 பிப்ரவரியில் சுமார் 150 கோடி டாலர் போனதும் இந்த வகைதான். கையெழுத்திட்டவர்களிடம் ஹார்டுவேர் வாலட் இருந்தது, ஆனால் கணினித் திரையில் தெரிந்தது ஒன்று, அவர்கள் ஒப்புதல் கொடுத்தது இன்னொன்று. கருவித் திரையில் தொகையும் முகவரியும் இல்லாமல் புரியாத எழுத்தும் எண்ணுமாக வந்தால் ரத்து பொத்தானை அழுத்துங்கள்.