ஷாத்தோ லத்தூர் (பிரான்சின் போர்தோ பகுதியிலுள்ள ஒயின் தோட்டம்): கேள்வி பதில்

கே: லேபிளில் சிங்கம் நிற்கும் கோபுரம்தான் தோட்டத்தில் இருக்கிறதா?
இல்லை. பழைய கோட்டைக் கோபுரம் எப்போதோ அழிந்துபோனது. இன்று படமெடுக்க எல்லாரும் முன்னால் போய் நிற்பது 17-ஆம் நூற்றாண்டுப் புறாக்கூண்டு.

கே: பக்கத்துத் தோட்டத்திலும் அதே கபெர்னே சோவிஞோன் திராட்சைதானே? லத்தூர் மட்டும் ஏன் அவ்வளவு காலம் தாங்குகிறது?
மண்தான் காரணம். போயாக் ஊரின் தென்கோடியில், வீட்டைச் சுற்றியுள்ள 47 ஹெக்டேர் நிலத்துக்கு 'லாங்க்ளோ' என்று பெயர். மேலே கூழாங்கல், அடியில் களிமண். மழைநீர் சரிவில் ஓடிவிடும். வறண்ட கோடையில் களிமண் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். ஜிரோந்த் கழிமுகம் கிட்டத்தில் இருப்பதால் வசந்தகால உறைபனியும் அவ்வளவாகத் தாக்காது. ஆற்றைப் பார்க்கும் கொடிதான் நல்ல கொடி என்று இந்த மெடோக் வட்டாரத்தில் சொல்வார்கள். பழம் சிறியது, தோல் தடித்தது, அதனால் துவர்ப்பு அதிகம். அந்தத் துவர்ப்பு அடங்கவே பதினைந்து இருபது வருடம் பிடிக்கும். தோட்டத்தின் முதல் ஒயினுக்கான பழம் முக்கியமாக இந்த லாங்க்ளோவிலிருந்து வருகிறது. 1966 அறுவடையில் தொடங்கிய 'லே ஃபோர் த லத்தூர்' அதற்கு அடுத்த படியிலுள்ள இரண்டாம் ஒயின்.

கே: முட்டை சேர்க்கிறார்களாமே, சைவமா?
போர்தோவின் பழைய வழக்கம் அது. 225 லிட்டர் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கரு. முரட்டுத் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் இறக்குவார்கள். கண்டிப்பாகப் பார்ப்பவர் 'வீகன்' என்று லேபிளில் போட்ட ஒயினை வாங்குங்கள்.

கே: போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்த 1855 பட்டியலில் பெட்ருஸ் எத்தனையாவது?
அதில் பெட்ருஸ் இல்லை. அந்தத் தோட்டம் போர்தோவின் பொமரோல் வட்டாரத்தில் இருக்கிறது. சிவப்பு ஒயினில் அந்தப் பட்டியல் மெடோக் தோட்டங்களுக்கானது, வெளியிலிருந்து ஒ-பிரியோன் என்ற தோட்டம் ஒன்றுதான்.

கே: 1982 அறுவடை லத்தூர் பாட்டில் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?
இத்தனை வருடம் எங்கே கிடந்தது என்று முதலில் கேளுங்கள். பிறகு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து ஒயின் மட்டத்தைப் பாருங்கள். கழுத்தடியிலோ தோளின் மேல்விளிம்பிலோ நின்றால் இந்த வயதுக்கு நல்லது. தோளின் நடுவுக்கு இறங்கியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும். அதற்கும் கீழே என்றால் விட்டுவிடுங்கள். தக்கை வழியே காற்று புகுந்திருக்கும். தக்கை வாய்க்கு மேலே பிதுங்கியிருந்தால் பாட்டில் சூடு பட்டது.

கே: திறப்பது எப்படி?
இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். பழைய தக்கையில் திருகாணியைப் போட்டால் உதிர்ந்து உள்ளே விழும். இரண்டு தகடுள்ள திறப்பானைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையே ஆட்டி ஆட்டி இறக்கி, திருகியபடியே மேலே எடுங்கள். கழுத்துக்கு அடியில் விளக்கு ஒன்று இருக்கட்டும். நிறுத்தாமல் ஒரே ஊற்றாக ஊற்றுங்கள்; நிறுத்தினால் வண்டல் கலங்கிவிடும். கழுத்தில் கறுப்புக் கோடு தெரிந்ததும் நிறுத்துங்கள். 15 வயது ஒயினுக்கு மூன்று நான்கு மணி நேரம் காற்று வேண்டும். 40 வயதுக்கு ஊற்றியதும் குடிப்பதே பாதுகாப்பு.

கே: 2000 அறுவடையை இப்போது குடிக்கலாமா?
நல்லபடியாகப் பாதுகாத்து வைத்திருந்தால் குடிக்கலாம். எங்கே கிடந்தது?

கே: 2012-இல் லத்தூர் முன்விற்பனையைக் கைவிட்டார்களே, பேராசைதானே?
பாதி சரி. முன்விற்பனையில் அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே பணம் கட்ட வேண்டும்; பாட்டில் கைக்கு வர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். அந்த அபாயத்துக்குக் கூலியாகத்தான் விலை குறைவு. 1993-இல் தோட்டத்தை வாங்கிய பிரெஞ்சுத் தொழிலதிபர் பிரான்சுவா பினோவின் நிர்வாகம், 2011 அறுவடையோடு இதை நிறுத்தி, ஒயின் பக்குவமான பிறகே விற்கிறது. குறைந்த விலை போனது உண்மை.

கே (அவரே): பிறகென்ன லாபம்? சந்தையில் அதே ஆண்டு மலிவாகக் கிடைக்கிறதே!
கிடைக்கலாம். அது எத்தனை கிடங்கு, எத்தனை லாரி பார்த்தது? தோட்டத்துப் பாட்டில் பாதாள அறையை விட்டு அசையவே இல்லை. கூடுதல் விலை அதற்குத்தான்.

கே (இன்னொருவர்): இருபது வருடம் சொந்த அறையில் 13 டிகிரியில் வைக்கத் தெரிந்தவருக்கு?
அவருக்கு நஷ்டமே, ஒத்துக்கொள்கிறேன். முன்விற்பனை அவரைப் போன்றவருக்காகவே இருந்தது. ஆனால் 12–14 டிகிரி, 70 விழுக்காடு ஈரப்பதம், அதிர்வு இல்லாத இருட்டு, இதை இருபது வருடம் ஒரு நாளும் தவறாமல் காப்பவர் எத்தனை பேர்?

கே (முதலாமவர்): ஆக, பணக்காரன் அறைக்கு வாடகை நாம் கட்டுகிறோம்.
ஆமாம். கட்டப் பிடிக்காவிட்டால் லே ஃபோர் வாங்குங்கள். அதையும் பக்குவமான பிறகே வெளியிடுகிறார்கள்.

கே: சுங்கவரி எவ்வளவு?
சுங்க முகவரைக் கேளுங்கள்.

கே: சமையலறை ஃப்ரிட்ஜில் பத்து வருடம் வைக்கலாமா?
கூடாது. 4 டிகிரியில் ஒயின் வளராது, வறண்ட காற்றில் தக்கை சுருங்கும்.

கே: 1996-ஐ இப்போது குடிக்கலாமா?
மேலே 2000-க்குச் சொன்னதேதான்.

கே: 2003?
எங்கே கிடந்தது?